ஒரே பதில், இரண்டு முறை

கேள்வி கேட்பதும் ஒரு வேலைதான் என்பதை என் அம்மா கடைசி வரை நம்பவில்லை. விடிந்தால் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு தேயிலைச் சரிவில் ஏறி நிற்கிறவருக்கு அதை நான் எப்படிப் புரியவைப்பது? "எம் மவ தானா ராத்தாவுல ஒரு ஐயாகிட்ட வேலை பாக்குது. அவரு கேள்வி கேப்பாரு, இது டைப் அடிக்கும்" என்று லயத்துப் பெண்களிடம் சொல்லிவிட்டு, முதல் ஆளாக அவரே சிரிப்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறதா இல்லையா என்று கேட்பேன். அதுதான் எனக்கும் ஆச்சரியம் என்பார்.

இதையெல்லாம் நினைத்துப் பார்க்க வைத்தவள் கவிதா. நான் முன்பு பார்த்த வேலையை இப்போது அவள் வேறொரு மேலவை உறுப்பினரிடம் பார்க்கிறாள். அவையில் கேட்ட பழைய கேள்விகளின் தாள்களைக் கணினியில் ஏற்றுகிற வேலை அவள் தலையில் விழுந்திருக்கிறது. போன மாதம் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, ரெண்டு கேள்வியைத் தனியா ஒரு கவர்ல போட்டு வெச்சிருக்கீங்க. பார்த்தேன். ரெண்டுக்கும் மினிஸ்டர் 'தியாடா'ன்னுதான் பதில் சொல்லியிருக்காரு. ஒண்ணுமே நடக்கலையே, இதை எதுக்கு லா பத்திரப்படுத்தினீங்க?" என்றாள்.

தியாடா என்றால் மலாயில் இல்லை என்று அர்த்தம். கேட்ட கேள்விக்கு, அப்படி எதுவும் இல்லை, எவரும் இல்லை என்பது பதில். இரண்டு முறையும் அதே பதில். தாளை மட்டும் பார்க்கிறவளுக்கு அப்படித்தான் தோன்றும், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. போனில் விளக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினேன். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதுதான் இது.

நான் பிறந்ததும் வளர்ந்ததும் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். ஐந்தாம் படிவம் முடித்தேன், பிரிஞ்சாங்கில் ஒரு கடைக்கு மேல்மாடியில் தட்டச்சு படித்தேன், எழுபதுகளின் நடுவில் செனட்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். மற்ற வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

செனட்டர் என்றால் மேலவை உறுப்பினர். தேர்தலில் நின்று ஜெயித்து வருகிறவர் இல்லை, நியமிக்கப்படுகிறவர். அதனால் எங்கள் சாருக்குத் தொகுதி என்று ஒன்று கிடையாது. தொகுதி இல்லாததால் எல்லா ஊரும் தன் ஊர்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆட்களும் அப்படியே நினைத்துக்கொண்டு வந்தார்கள். கீழே ஈப்போவில் வக்கீலாக இருந்து, அந்தத் தொழிலை விட்டுவிட்டு வந்தவர். மாதத்தில் பாதி நாள் மலையில் இருப்பார். தானா ராத்தாவில் ஒரு டயர் கடைக்கு மேலே எங்கள் அறை. ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். தாளெல்லாம் நமுத்துப்போகும், தட்டச்சு இயந்திரத்தின் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டும். அதற்காகத் தாள் வைக்கும் அலமாரிக்குள் எப்போதும் ஒரு பல்பு எரியும். அந்தச் சூட்டில்தான் எங்கள் கார்பன் தாளும் கோப்புகளும் பிழைத்துக் கிடந்தன.

சார் முழங்கையில் ஓட்டை விழுந்த பழுப்பு ஸ்வெட்டர் போட்டிருப்பார். தேயிலை மலையில் உட்கார்ந்துகொண்டு காப்பிதான் குடிப்பார். கேட்டால், "தேத்தண்ணியைப் பத்தி ஏதாவது கேள்வி கேக்க வேண்டி வந்தா, நான் யார் பக்கமும் இல்லைன்னு சொல்லணும் பாரு" என்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் பேனாவின் மூடியைத் திருகித் திருகித் திறப்பார், மூடுவார். அந்தச் சத்தம் கேட்டால் நான் டைப் அடிப்பதை நிறுத்திவிடுவேன்.

ஒரு கேள்வியைத் தயாரிக்க அவருக்கு இரண்டு நாற்காலி வேண்டும். மேசைக்கு இந்தப் பக்கம் அவருடைய நாற்காலி. அந்தப் பக்கம் வருகிறவர்கள் உட்காரும் நாற்காலி. இங்கே உட்கார்ந்து கேள்வியை எழுதி முடித்ததும், எழுந்து சுற்றிப்போய் அந்தப் பக்கம் உட்காருவார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொள்வார். "இப்ப நான் இலாகா அதிகாரி, சரோஜா. எனக்கு வேலை நிறைய, இந்தக் கேள்வியில இருந்து தப்பிக்கணும். வாசி" என்பார். நான் வாசிப்பேன்.

"'தாமதம் ஏன்' என்று..."

"தாமதம் எதுவும் இல்லை. அடுத்தது."

"'எப்போது முடியும்' என்று..."

"கூடிய விரைவில். அடுத்தது."

இப்படி அவர் எந்த இடத்தில் நழுவினாரோ அந்த இடத்தை இந்தப் பக்கம் வந்து அடைப்பார். மறுபடி அந்தப் பக்கம் போவார், மறுபடி நழுவுவார். சில நாள் காலை முழுக்க இதே ஓட்டம். கீழே டயர் கடைக்காரர், உங்கள் செனட்டருக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாதா என்று என்னிடம் கேட்டிருக்கிறார். இதோடு விதிகள் வேறு. கேள்வியில் சொந்த அபிப்பிராயம் கூடாது, யாரையும் குற்றம் சொல்லக்கூடாது, சுருக்கமாக இருக்க வேண்டும், குறித்த நாளுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் பட்டியலில் ஏறும். ஏறிவிட்டால், அமைச்சர் யாராக இருந்தாலும் எழுந்து நின்று ஏதாவது ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் கடிதத்துக்குப் பதில் போடாமல் காலம் தள்ளலாம், கேள்வியிடம் அது நடக்காது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் நான் இந்த வேலையை விரும்பினேன்.

அஞ்சலைப் பெரியம்மா வந்தது ஒரு மழை நாளில். எங்கள் தோட்டத்துக்காரர், என் அம்மாவோடு ஒரே சரிவில் கொழுந்து பறித்தவர். படியேறி வந்து, ஈரத்துணியோடு நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே பேசினார்.

அவருக்கு ஒரே மகன், கோவிந்தன். கவ்வாத்துக் கூட்டத்தில், அதாவது தேயிலைச் செடிகளை வெட்டிச் சீராக்கும் ஆட்களோடு வேலை செய்தவன். அப்பா செத்த பிறகு தூக்கம் விட்டுப்போனது. செடிக்குள்ளிருந்து ஆட்கள் பேசுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். ஒரு காலை, கவ்வாத்துக் கத்தியால் ரெங்கன் கங்காணியின் கையில் வெட்டிவிட்டான். கங்காணி பிழைத்துக்கொண்டார். நீதிமன்றம் கோவிந்தனைத் தண்டிக்கவில்லை. செய்தது அவன்தான், ஆனால் அந்த நேரம் அவன் புத்தி அவனிடம் இல்லை என்று சொல்லி, மலைக்குக் கீழே உள்ள மனநல மருத்துவமனைக்கு அனுப்பியது. அப்படி அனுப்பப்படுகிறவர்களுக்கு இத்தனை வருஷம் என்று கணக்கு இல்லை. குணமாகிவிட்டான் என்று மருத்துவர்கள் எழுத வேண்டும். அதை அரசாங்கத்தின் சட்ட இலாகா பார்த்து, மேலிடத்தில் வைத்து விடுதலை உத்தரவு வாங்க வேண்டும். மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள், ஒரு தடவைக்கு மேலேயே எழுதிவிட்டார்கள். உத்தரவுதான் வரவில்லை.

"எம் மவனுக்குச் சொகமாயிருச்சுன்னு டாக்டரே சொல்றாருய்யா. மருந்து சாப்புடுறான், தோட்ட வேலை செய்றான், அங்க எல்லாருக்கும் முடி வெட்டி விடுறான். விட மட்டும் மாட்டேங்கிறாங்க. கேட்டா மேல கேக்கணும்ங்கிறாங்க. மேலன்னா எங்கய்யா? நாம இருக்கறதே மலை உச்சி."

சார் சிரிக்கவில்லை. பேனா மூடி திறந்து மூடும் சத்தம் கேட்டது.

முதலில் கடிதங்கள் போட்டோம். கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது, அவ்வளவுதான். பிறகுதான் கேள்வி. சார் இரண்டு நாற்காலிக்கும் நடுவில் நாள் முழுக்க நடந்தார். கோவிந்தன் பெயரைப் போடவில்லை. தனி ஆளைப் பற்றிக் கேட்டால், அந்த ஒருவரைப் பற்றி ஏதாவது சொல்லி முடித்துவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். மருத்துவர்கள் விடுவிக்கச் சொல்லியும் உத்தரவுக்காக இலாகாவில் நிலுவையில் இருக்கும் கோப்புகள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு காலமாக நிற்கிறது என்று கேட்டார். எல்லாக் கதவையும் சாத்தியாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

மேலவை கூடிய அன்று மத்தியானம் சார் கோலாலம்பூரிலிருந்து போன் செய்தார். "தியாடாவாம், சரோஜா. நிலுவையில எதுவுமே இல்லையாம்."

"அது எப்படி சார்? பெரியம்மா போன மாசம்கூட போய்ப் பார்த்துட்டு வந்தாங்களே."

"அதான் எனக்கும் புரியலம்மா. துணைக் கேள்வி கேட்டேன். அதே பதிலைத் திருப்பிச் சொல்லிட்டு உக்காந்துட்டாரு. பொய் சொல்ற ஆள் இல்ல. அவருக்கு எழுதிக் குடுத்தவங்களும் பொய் எழுதியிருக்க மாட்டாங்க. வந்து பேசிக்கலாம்."

அன்று சாயங்காலம் தமிழ்ச் செய்தியில் இதையும் ஒரு வரியாகச் சொல்லிவிட்டார்கள். விடுதலைக்காக மருத்துவமனையில் காத்திருப்பவர் எவரும் இல்லை என்று மேலவையில் தெரிவிக்கப்பட்டதாம். லயத்தில் யார் வீட்டிலோ வானொலி சத்தமாக ஓடியிருக்கிறது. அஞ்சலைப் பெரியம்மா காதில் அது விழுந்தது. அவர் யோசித்ததில் ஒரு பிழையும் இல்லை. ஒருவரும் காத்திருக்கவில்லை என்று மினிஸ்டரே சொல்கிறார், அப்படியென்றால் தன் மகனை விட்டுவிட்டார்கள். அரசாங்கம் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? யாரிடமும் கேட்கவில்லை. பிரிஞ்சாங் பாசாருக்குப் போய் நீலக் கோடு போட்ட சட்டை ஒன்று வாங்கினார். மறுநாள் முதல் பஸ்ஸில் மலை இறங்கிவிட்டார்.

எனக்கு இது தெரியாது. அவர் திரும்பி வந்து எங்கள் படியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. சாரும் அப்போதுதான் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தார். இந்தத் தடவை பெரியம்மா நிற்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எந்த மொகத்தை வெச்சுக்கிட்டு சொல்றது? எம் மவன் என்னைப் பாத்ததுமே புரிஞ்சுக்கிட்டான். பையில சட்டை இருக்கறதையும் பாத்துட்டான். உள்ள ஓடிப்போயி கம்பளியை மடிச்சு வெச்சுட்டான்யா. கூட இருந்தவங்ககிட்ட எல்லாம் போயிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்து எம் பக்கத்துல நின்னான். அப்புறம்தான் டாக்டர் வந்து உத்தரவு இன்னும் வரலைன்னாரு."

நான் அழுதுவிட்டேன். அந்த மடித்த கம்பளியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்காது. போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன், திரும்பி உள்ளே போய் அந்தக் கம்பளியை மறுபடி எப்படிப் பிரித்திருப்பான்?

"அவன் என்ன சொன்னான் பெரியம்மா?"

"நீ பஸ்ஸைப் புடி, இருட்டிரும்னான்."

சார் பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பெரியம்மாவே தொடர்ந்தார். "டாக்டர் நல்ல மனுசன். எனக்கு முன்னாலேயே போன் போட்டு அந்த இலாகாவுல கேட்டாரு. பைல் கே.ஐ.வி.ல இருக்குன்னு சொன்னாங்களாம்."

பேனா மூடிச் சத்தம் நின்றது.

இந்த நாட்டில் ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்குக் கே.ஐ.வி.யைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 'கீப் இன் வியூ', அதாவது கண் பார்வையில் வைத்திரு என்பதன் சுருக்கம். ஒரு விஷயத்தை உடனே முடிக்க முடியாவிட்டால், கோப்பின் மேல் அந்த மூன்று எழுத்தை எழுதி, மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டிய தேதியையும் போட்டு ஓர் அலமாரியில் வைப்பார்கள். தேதி போட்டால் ஒரு நாள் வெளியே வரும். போட மறந்தால் கதை அவ்வளவுதான், கண் பார்வையிலிருந்தே போய்விடும். அந்த அலமாரிக்குள் போன கோப்பை அந்த இலாகாவில் நிலுவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கோவிந்தனின் கோப்பு அங்கேதான் இருந்தது. ஏதோ ஒரு தாள் வர வேண்டும் என்று யாரோ எடுத்து வைத்திருக்கிறார். தேதி போடவில்லை. பிறகு அவர் மாற்றலாகிப் போயிருக்கலாம். ஆக, நிலுவையில் எத்தனை என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதில் அவர்கள் கணக்குப்படி நிஜம். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை, ஒரு மனிதன் மட்டும் உள்ளேயே கிடக்கிறான்.

"நம்ம கே.ஐ.வி. பைலை எடு சரோஜா" என்றார் சார்.

பல்பு எரியும் அலமாரியின் கீழ்த்தட்டில் எங்களுக்கும் ஒன்று இருந்தது. தடியாக, கயிறு கட்டி. எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எல்லா இடத்துலயும் இது இருக்குன்னு தெரியும். நம்மகிட்டயே இருக்கு. அந்தப் பக்கம் போய் உக்காந்தப்ப மட்டும் ஞாபகம் வரல பாரு" என்றார். பெரியம்மா போன பிறகு அன்று முழுக்க எங்கள் கோப்பைப் பிரித்து ஒவ்வொன்றாக முடித்தோம். சாப்பிடக்கூட இறங்கவில்லை. அவருக்கு யார் மேல் கோபம் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அதற்கு முன்னால், பெரியம்மா இருக்கும்போதே, அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். பெரியம்மா உட்கார்ந்திருந்தது மேசைக்கு அந்தப் பக்க நாற்காலி, அதிகாரி நாற்காலி. சார் இந்தப் பக்கம் உட்கார்ந்து, புதுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கேட்டார்.

"பெரியம்மா, எத்தனைன்னு கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க?"

"என்னத்தை எத்தனை?"

"உத்தரவு வராம நிக்கிறது."

"எம் மவன் ஒருத்தன்யா. மத்தவங்க வூட்டுப் புள்ளைங்களை எனக்குத் தெரியாது" என்றார் பெரியம்மா.

சார் எழுத ஆரம்பித்தார். இந்தத் தடவை கோப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எங்கள் மாநிலத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களில், மருத்துவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன பிறகும் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கிறவர்கள் எத்தனை பேர்? முதல் பரிந்துரை எழுதப்பட்ட நாளில் ஒவ்வொருவருக்கும் என்ன வயது, இப்போது என்ன வயது? கேள்வி அவ்வளவுதான். அலமாரிக்குள் கோப்பை வைக்கலாம், ஆளை வைக்க முடியாதே. சார் அன்று எழுந்து அந்தப் பக்கம் போகவில்லை. அங்கே பெரியம்மா உட்கார்ந்திருந்தார்.

கிளம்பும்போது பெரியம்மா பையிலிருந்து சட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். "லயத்துல வெச்சா பூஞ்சை புடிச்சிரும் கண்ணு. ஒங்க பல்பு அலமாரியில கெடக்கட்டும்." கோப்புகளுக்கு மேல் தட்டில், காகிதத்தில் சுற்றி வைத்தேன். அதன் பிறகு கார்பன் எடுக்க அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும்.

கேள்வியைக் கொடுத்ததற்கும் பதில் வருவதற்கும் நடுவே உள்ள வாரங்களைப் பற்றி யாரும் எழுதி வைப்பதில்லை. கவிதா, நீ பார்க்கும் தாள்களில் அது இருக்காது. கேள்வி அமைச்சுக்குப் போகும். அமைச்சிலிருந்து இலாகாவுக்கு இறங்கும். இலாகாவில் ஒருவர் எழுந்து போய் அலமாரியைத் திறந்தாக வேண்டும், ஏனென்றால் அமைச்சர் எழுந்து நிற்கும்போது கையில் ஒரு பதில் இருக்க வேண்டும். சார் இதற்காகத்தான் கேள்வி கேட்டார். பதிலைக் கேட்டுக் கைதட்டுவதற்காக அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு காலை போன் அடித்தது. இலாகாவிலிருந்து ஓர் இளைஞர், மலாயில், தயங்கித் தயங்கிப் பேசினார். கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஒரு கோப்பு சம்பந்தமாகக் கேட்கிறேன் என்றார். கோவிந்தன் பெயரைச் சொன்னார். பிறகு, "இபு டியா மாசே அடா, சிக்?" என்றார். அவருடைய அம்மா இன்னும் இருக்கிறாரா என்று.

இருக்கிறார் என்றேன். தோட்டத்தில் இன்றைக்கும் வேலைக்குப் போயிருக்கிறார் என்றேன். அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு "பாகுஸ்" என்றார். நல்லது என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்துக்காக, அந்த இலாகா மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது.

உத்தரவுக்கு இனி ஒன்றுதான் குறை என்றார் அவர். அவனைப் பொறுப்பெடுத்து வைத்துக்கொள்ள ஆளும் இடமும் வேண்டும். ஆள் இருக்கிறார். இடம்தான் சிக்கல். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம், தோட்டத்து மேனேஜர் துரை சம்மதிக்க வேண்டும். துரையிடம் சார் பேசினார். வெட்டுப்பட்டது கங்காணி, அவர் சரி என்றால் எனக்கும் சரி என்று துரை சொல்லிவிட்டார்.

பெரியம்மா ரெங்கன் கங்காணியின் முகத்தைப் பார்த்தே வருஷக்கணக்காகிவிட்டது. அவர் வரும் பாதையில் போக மாட்டார். காலையில் ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரிக்கும்போதுகூட மற்றப் பெண்களுக்குப் பின்னால் மறைந்து நிற்பார். அவரிடம் போய்க் கேள் என்றால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்றார். அதனால் சாரும் நானும் போனோம். கங்காணி வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். இடது கையில் முழங்கைக்குக் கீழே தழும்பு நீளமாகத் தெரிந்தது. அந்தக் கையின் இரண்டு விரல் மடங்காது.

சார் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர் பிடியை இறுக்கிக்கொண்டே இருந்தார்.

"இதுக்கு எதுக்குய்யா நீங்க ரெண்டு பேரும் நடந்து வரணும்? அஞ்சலை வந்து கேக்கக் கூடாதா லா? என்னைப் பாத்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஓடுது. வெட்டுனதுகூட அவ்வளவு வலிக்கல, அது அப்படி ஓடுறதுதான் எனக்கு வலிக்குது" என்றார்.

"அப்ப உங்களுக்குச் சம்மதமா?"

"அந்தப் பையனுக்குக் கவ்வாத்து பழக்கி விட்டவனே நான்தான்யா. வரட்டும். கத்தியை மட்டும் கையில குடுக்க மாட்டேன், நாத்து மேடையில போட்டுக்கிறேன். செடிக்குத் தண்ணி ஊத்தட்டும்."

இரண்டு நாளோ மூன்று நாளோ கழித்து உத்தரவு தயார் என்று போன் வந்தது. கூடவே இன்னொரு செய்தியும் வந்தது, மிகவும் மரியாதையாக. இவ்வளவும் ஆகிவிட்டதால் செனட்டர் விரும்பினால் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமே என்று. நான் சாரிடம் சொன்னேன். சந்தோஷத்தில் நான்கூட எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

"கோவிந்தன் வந்துருவான், சரி. அந்த அலமாரியில வேற யார் வீட்டுப் பிள்ளை இருக்கான்னு நமக்குத் தெரியாதே. பெரியம்மாவே சொன்னாங்களே. கேள்வி இருக்கட்டும்" என்றார் சார்.

அழைத்து வரப் போகும் நாள் காலையில் பெரியம்மா சட்டைக்காக வந்தார். கீழே ரெங்கன் கங்காணி தெரிந்தவரின் வேனோடு நின்றார். நானும் வரேன், பையன் என்னைப் பாத்துப் பயந்துக்கிட்டா அங்கேயே பேசி முடிச்சுக்கலாம் என்று அவரே கிளம்பிவிட்டாராம். அலமாரியைத் திறந்து சட்டையை எடுத்துக் கொடுத்தேன். பெரியம்மா காகிதத்தைப் பிரித்து, துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"கதகதன்னு இருக்கு கண்ணு. யாரோ இப்பத்தான் கழட்டிப் போட்ட மாதிரி" என்றார்.

கோவிந்தன் அந்தச் சட்டையோடு மலையேறி வந்தான். தோள் கொஞ்சம் பெரிதாக இருந்தது. வேனில் முன்னால் உட்கார்ந்திருந்த கங்காணி அவனை இறங்கச் சொல்லி, எங்கள் அறைக்குக் கூட்டி வந்தார். அவன் சாருக்குக் கும்பிடு போட்டான், என்னைப் பார்த்துச் சிரித்தான். சார் அவனுக்குக் காப்பி வரவழைத்தார். அவன் குடித்துவிட்டு, தேத்தண்ணி கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டான். கங்காணி தொடையைத் தட்டிச் சிரித்தார்.

பிறகு கேள்வி நாள் வந்தது. சார் கோலாலம்பூருக்குப் போயிருந்தார். நான் அறையைப் பூட்டிவிட்டு நேரே அஞ்சலைப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். மழை விட்டு வெளிச்சம் வந்த சாயங்காலம். பெரியம்மா பக்கத்து வீட்டு வானொலியை வாங்கி வந்து வாசலில் வைத்திருந்தார். கொழுந்து பறித்து விரலெல்லாம் கறுத்திருந்தது, அந்தக் கையாலேயே எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். வீட்டுக்குப் பின்புறம் யாரோ விறகு பிளக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

தமிழ்ச் செய்தி ஆரம்பித்தது. ரோட்டைப் பற்றி, பள்ளிக்கூடத்தைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் அந்த ஒரு வரி வந்தது. மருத்துவர்கள் பரிந்துரைத்த பிறகும் விடுதலைக்காக மருத்துவமனையில் காத்திருப்பவர் எவரும் இல்லை என்று மேலவையில் தெரிவிக்கப்பட்டது. அப்படியே பழைய வரி. கோவிந்தனோடு இன்னும் சிலர் அந்த வாரங்களில் வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்பது சாருக்கே பின்னால்தான் தெரிந்தது. எந்த ஊர்க்காரர்கள், யார் வீட்டுப் பிள்ளைகள் என்று எங்களுக்குத் தெரியாது. எங்களைப் பற்றி அவர்களுக்கும் தெரியாது.

பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. தேத்தண்ணிக் குவளையைக் கீழே வைத்தார். எழுந்து, வீட்டுக்குள் நுழைந்து, அடுப்படியைத் தாண்டிப் பின்வாசலுக்குப் போனார். விறகு பிளக்கும் சத்தம் நின்றது. "என்னம்மா?" என்று கோவிந்தனின் குரல் கேட்டது. "ஒண்ணுமில்லப்பா, நீ வேலையைப் பாரு" என்றார் பெரியம்மா.

திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வானொலியை அணைத்தார்.

"ஆமா கண்ணு. இந்தத் தடவை சரியாத்தான் சொல்றாங்க" என்றார்.